குடை மறந்தவன் பாட்டு

1

எங்கள் உணவகத்தில் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் ஒரு விருந்து நடக்கும். திங்கட்கிழமை கடை பூட்டு என்பதால் அன்று மத்தியானம் மேல்மாடி அறையில் எல்லோரும் குடும்பத்தோடு கூடுவோம். சாப்பாடு முடிந்ததும் கரோக்கி மெசினைப் போடுவார்கள். முதலாளி மொரிதாவிலிருந்து கோப்பை கழுவுகிறவர் வரை ஆளுக்கொரு பாட்டுப் பாடியே ஆகவேண்டும். கரோக்கியை ஊரில் காணாதவர்களுக்குச் சொல்கிறேன்: பாட்டின் இசை மட்டும் வரும், சொற்கள் ரீ.வி. திரையில் ஓடும், பாடகன் நிற்கவேண்டிய இடத்தில் நாங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். குரல் இல்லாதவனுக்கும் மைக்கைக் கொடுத்தது ஜப்பான்காரர் உலகத்துக்குச் செய்த நன்மையா, தீமையா என்பதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பாட்டைப் பாடி ஒருவர் பெயர் வாங்கிவிட்டால் அது அவருடைய பாட்டு. அவர் இருக்கிற சபையில் வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். மொரிதாவுக்கு ஒரு பாட்டு இருக்கிறது, அவருடைய மனைவிக்கு ஒன்று இருக்கிறது. எனக்கும் ஒன்று இருக்கிறது. போன திங்களும் பரிமாறுகிற கெய்கோ மெசினில் பாட்டு நம்பரை அமத்திவிட்டு, "நாதன்-சான், உங்கள் பாட்டு" என்று மைக்கை நீட்டினாள். நான் எழும்பிப் பாடினேன். எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

இந்த வியாழன் என் தம்பி குகனின் மூன்றாவது திவசம். விருந்தும் திவசமும் கிட்டக் கிட்ட வந்தது தற்செயல் இல்லை, வருடா வருடம் அப்படித்தான் வரும். அந்தப் பாட்டை நான் ஏன் தெரிந்தெடுத்தேன் என்பது அந்தக் கடையில் ஒருவருக்கும் தெரியாது. திவசத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போனபிறகு, இதை எழுதி வைத்தால் என்ன என்று தோன்றியது.

2

ரொறன்ரோவில் ஜப்பான் சாப்பாட்டுக் கடை என்றால் முன்னுக்கு நின்று வணக்கம் சொல்பவர்கள் ஜப்பான்காரர், பின்னுக்குக் குசினியில் நிற்பவர்கள் யாழ்ப்பாணத்தார். நான் ஊரில் தபால் கந்தோரில் முத்திரை விற்றவன். மொரிதாவின் குசினிக்குள் முதல் நாள் கால் வைத்தபோது பெரிய பானையில் என்னவோ கொதித்தது. மணம் மூக்கில் பட்டதும் நின்றுவிட்டேன். மாசிக் கருவாடு! அவர்கள் மீனைச் சீவல் சீவலாய்ச் சீவிப் போடுகிறார்கள், நாங்கள் இடித்துச் சம்பலில் போடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். இங்கே பிழைத்துக்கொள்வேன் என்று அன்றைக்கே நம்பினேன். நம்பினபடியே சூப்புக்குப் பொறுப்பாளனாகவும் ஆனேன்.

நாங்கள் ஸ்காபரோவில் இரண்டு அறை அபார்ட்மென்டில் இருந்தோம். நான், மனைவி சரோ, பதினொரு வயது மகள் துஷி. பிறகு சுகந்தி வந்து சேர்ந்தாள். சுகந்தி என் தம்பி குகனின் மனைவி. இரண்டு பேரும் ஒன்றாக வர வழி கிடைக்கவில்லை. முதலில் அவள் வந்து அகதிக் கேஸ் சரிவந்ததும் அவனைக் கூப்பிடுவது என்று ஏற்பாடு. துஷியின் அறையில் அவளுக்கு ஒரு கட்டில் போட்டோம். துஷி அவளுக்கு ரீ.வி.யில் ஓடுவதை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்துவாள், சுகந்தி ஒன்றும் விளங்காமல் தலையாட்டுவாள். அவள் தமிழில் கதை சொன்னால் துஷி அதே மாதிரித் தலையாட்டுவாள்.

சுகந்தியின் கேஸ் முதல்தரம் விசாரணைக்கு வந்தபோது நடந்ததை இங்கே சொல்லவேண்டும். அறையில் உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "உங்கள் கணவர் இப்போது எங்கே இருக்கிறார்?" மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை, இவள் அழத் தொடங்கிவிட்டாள். தண்ணீர் கொடுத்தார்கள், வெளியில் கூட்டிப்போய்க் கொண்டுவந்தார்கள். வாய் திறக்கவே முடியவில்லை. கேசைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த தவணை கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்குப் பிறகு. "இந்தமுறையும் இப்படி நடந்தால் எனக்கு ஒன்றும் செய்ய இயலாது" என்று லோயர் முகத்தில் அடித்தமாதிரிச் சொன்னார்.

அந்த ஒரு வருடத்துக்குள்தான் யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சனம் சண்டைக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு வெளிக்கிட்டது. குகனும் அதோடு வெளிக்கிட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தான். கொழும்புக்கு யாராவது வந்தால் அவர்கள் மூலம் ஒரு செய்தி வரும். சுகந்தி ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருந்து காய்கறி வெட்டுவாள்.

3

செய்தி வீட்டுக்கு வரவில்லை, கடைக்கு வந்தது. வெள்ளவத்தையில் இருக்கிற என் மச்சான் கெட்டிக்காரன். வீட்டு ரெலிபோனை யார் எடுப்பார்கள் என்று யோசித்துத்தான் கடை நம்பருக்கு அடித்திருக்கிறான்.

"அத்தான், குகன் எங்களை விட்டிட்டுப் போட்டான்" என்றான். "மலேரியா. மாதக் கடைசியிலை. எங்களுக்கு இண்டைக்குத்தான் ஆள் வந்து சொன்னது."

நான் "சரி" என்றேன். ஏன் சரி என்று சொன்னேனோ தெரியாது. கடையில் ரெலிபோனில் எல்லாவற்றுக்கும் "சரி" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினால் சூப் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் தனியாக நின்று கதைக்க இடம் கிடையாது. அன்று நான் ஊத்தை உடுப்புக் கூடையைத் தூக்கினேன். "வாரும், உடுப்புத் தோய்க்கப் போவம்" என்றேன். நான் ஒருநாளும் உடுப்புத் தோய்க்கப் போகாதவன். சரோ என் முகத்தைப் பார்த்தாள், சவர்க்காரத் தூள் பெட்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். கீழ்த்தளத்தில் மெசின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்குள் சொன்னேன். அவள் துவாயை வாயில் அடைத்துக்கொண்டு, சுழன்றுகொண்டிருந்த உடுப்புகளைப் பார்த்து அழுதாள். குகனை அவள் பள்ளிக்கூடக் களிசானோடு கண்டவள்.

"இவளுக்கு எப்பிடியப்பா சொல்லுறது?"

"எப்பிடிச் சொல்லுறது எண்டதை விடும். எப்ப சொல்லுறது? அடுத்த வெள்ளி கேஸ்."

சரோ கண்ணைத் துடைத்தாள். எங்களுடைய ஆட்களுக்கு இது புதிதில்லை. பரீட்சை எழுதுகிற பிள்ளைக்கு அப்பன் செத்ததைச் சொல்லமாட்டோம். தாலி கட்டி முடியும்வரை மாப்பிள்ளைக்கு மாமன் செத்ததைச் சொல்லமாட்டோம். இழவுச் செய்தியை ஒளித்து வைப்பது எங்களுக்கு ஒரு மரியாதை. கேஸ் திரும்பவும் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"கேஸ் முடியட்டும்" என்றாள் சரோ. "முடிஞ்சு படியிலை இறங்கின உடனை சொல்லுவம். நான் சொல்லுறன்."

உடுப்புக் காய்ந்ததும் மடித்துக்கொண்டு மேலே போனோம். சுகந்தி கதவைத் திறந்து, "என்ன, அத்தானும் போனவரோ?" என்று சிரித்தாள்.

சாவுத் துடக்குக்குரிய ஒன்றையும் செய்ய முடியவில்லை. தாடியை விட்டால் தெரிந்துவிடும் என்று ஒவ்வொரு காலையும் சவரம் செய்தேன். மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சாப்பிடாமல் மட்டும் இருந்தேன், வயிற்றில் ஏதோ கோளாறு என்று சொல்லி. கடையில்தான் சங்கடம். சூப்பை ருசி பார்க்கவேண்டியவன் நான். மாசித் தண்ணியை வாயில் வைக்க மனம் வரவில்லை, கண்ணால் பார்த்தே உப்புப் போட்டேன். இரண்டாம் நாள் மொரிதா ஒரு கரண்டி குடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அதற்குப் பிறகு கெய்கோவைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொன்னேன்.

4

இதற்குள் விருந்து வந்தது. போகாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மொரிதாவின் மனைவி எங்கள் வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து அழைத்திருக்கிறார், எடுத்தது சுகந்தி. புதிதாக வந்தவர்களுக்கான ஆங்கில வகுப்பில் படித்ததையெல்லாம் திரட்டி, "யெஸ், யெஸ், வீ ஆல் கம், தாங்க்யூ" என்று சொல்லிவிட்டாள். நான் வேலையால் வந்தபோது அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். வகுப்பைத் தவிர ஒருநாளும் வெளியே வெளிக்கிடாதவள். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம்.

போனால் பாடவேண்டும். முந்தின வருடங்களில் மைக்கை நானே முதலில் பறித்துவிடுவேன். கரோக்கி மெசினில் தமிழ்ப் பாட்டு ஏது? இசை இல்லாமல் சினிமாப் பாட்டைப் பாடுவேன், குசினிப் பெடியள் மேசையில் தட்டுவார்கள். வீட்டிலும் அப்படித்தான், சமைத்தாலும் பாட்டு, குளித்தாலும் பாட்டு. அப்படிப்பட்டவன் அன்றைக்குப் பாடமாட்டேன் என்று சொன்னால் சுகந்திக்கு வாய்விட்டுச் சொன்னதற்குச் சமன்.

முள்ளங்கி சீவிக்கொண்டே தமிழ்ப் பாட்டுகளை ஒவ்வொன்றாய் மனதுக்குள் எடுத்துப் பார்த்தேன். காதல் பாட்டு எடுத்தால், அதைச் சைக்கிளில் எனக்கு முன்னால் இருந்துகொண்டு பாடியவன் அவன். பகிடிப் பாட்டு எடுத்தால், அதற்கு முகத்தைக் கோணலாக்கி ஆடியவன் அவன். சாமிப் பாட்டுத் துடக்கோடு பாடக்கூடாது. எந்தப் பாட்டைத் தொட்டாலும் இரண்டாம் வரியில் குரல் உடைந்துவிடும் என்று தெரிந்தது. அதைவிட, உடன்பிறந்தவன் செத்து எரிந்த சூடு ஆறமுன்னம் மைக்கைப் பிடித்துப் பாடுவதா?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஜப்பான் பாட்டுப் பாடினால்? ஒரு சொல்லும் எனக்கு விளங்காது. விளங்காததைப் பாடுவது பாட்டில் சேராது, வெறும் சத்தம். சத்தத்துக்குத் துடக்கு ஏது? ஊரில் ஐயரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. நானே கேட்டு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

ஜப்பான் பாட்டுப் படிக்கப்போகிறேன் என்றதும் கெய்கோவுக்குத் தலைகால் தெரியாத புளுகம். ஒசாக்காவில் பிறந்து ரொறன்ரோவில் தனியாக இருக்கிற ஐம்பது வயது மனுசி. மெசினின் தடித்த பாட்டுப் புத்தகத்தை மேலேயிருந்து தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லோருக்கும் தெரிந்த பிரபலமான பாட்டாய் எடுப்போம், அப்போதுதான் எல்லோரும் சேர்ந்து தட்டுவார்கள் என்றாள். எங்கள் கதையெல்லாம் உடைந்த ஆங்கிலத்தில்தான்.

"எப்படிப்பட்ட பாட்டு வேண்டும், நாதன்-சான்?"

"சோகம் வேண்டாம்."

"சரி."

"காதல் வேண்டாம். ஊர், வீடு, அம்மா, ஒன்றும் வேண்டாம். கப்பல், கடல், பிரிந்து போவது, அதுவும் வேண்டாம்."

கெய்கோ புத்தகத்தை மூடிவிட்டாள். "அப்படியென்றால் பாட்டே இல்லை" என்றாள்.

அடுத்த நாள் தன்னுடைய கசெற் ஒன்றில் மூன்று பாட்டுப் பதிந்துகொண்டு வந்தாள். பஸ்ஸில் வோக்மனைக் காதில் வைத்துக் கேட்டேன். முதல் பாட்டு மொரிதா வயசுக்காரரின் பாட்டு. பாடகன் இழுத்த இழுப்பில் இழவு வீட்டுப் பந்தல் கண்முன்னால் வந்துவிட்டது. விளங்காத பாட்டும் பாட்டுத்தானோ என்று அந்த இடத்தில் கொஞ்சம் சந்தேகம் வந்தது, உடனே நிறுத்திவிட்டேன். இரண்டாவது, இளம் பெடியளின் புதுப் பாட்டு. அந்த வேகத்துக்கு எனக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவது துள்ளித் துள்ளி நடக்கிற ஒரு பாட்டு. பழைய பாட்டு, ஜப்பானில் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம்.

"இது என்ன சொல்கிறது?" என்று கேட்டேன்.

"ஒரு ஆள் போகிற இடமெல்லாம் குடையை மறந்து வைத்துவிட்டு வருகிறான். முடி வெட்டும் கடையில் ஒன்று, மீன் கடையில் ஒன்று, ஸ்ரேசனில் ஒன்று. ஒவ்வொருமுறையும் நனைந்து வீட்டுக்கு வருகிறான்."

"கடைசியில்?"

"கடைசியில் மழை நின்றுவிடுகிறது."

"ஒருவரும் சாகவில்லையா?"

கெய்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். "குடைக்காகவா?"

அதையே எடுத்தேன். அவள் சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதிக் குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிப் பாடமாக்கினேன். தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாடுவேன். துஷி கதவுக்கு வெளியில் நின்று, "அப்பா, வை ஜப்பனீஸ்? யூ சவுண்ட் ஸோ ஃபன்னி" என்பாள். எனக்கு முன்னால் அவளுக்கு மெட்டுப் பாடமாகிவிட்டது. வீடெல்லாம் அதை முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள். சித்தப்பன் செத்துப்போனான், இந்தப் பிள்ளை பாடிக்கொண்டு திரிகிறது என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவளுக்குத் தெரியாது என்பதும் தெரியும். தெரிந்தாலும் என்ன? சித்தப்பா அவளுக்கு ரெலிபோனில் ஒரு குரல். "எப்பிடிப் படிக்கிறாய் குஞ்சு?" என்று அது கேட்கும், "ஃபைன்" என்று சொல்லிவிட்டு ரிசீவரைத் தாயிடம் கொடுப்பாள். அதுதான் அவர்களுடைய உறவு முழுவதும்.

5

விருந்துக்கு மொரிதா மேசை நிறைய மீன் வைத்திருந்தார். நான் வெள்ளரிக்காய் வைத்துச் சுற்றின சோற்றை மட்டும் எடுத்து மெதுவாகச் சாப்பிட்டேன். சரோவும் அதையே எடுத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சுகந்தி, நீலச் சேலையில், எல்லோரையும் பார்த்துத் தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் குனிவதைப் பார்த்து அங்கேயே பழகிக்கொண்டாள். கெய்கோ அவளுக்குப் பச்சைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

மொரிதா தன்னுடைய பாட்டைப் பாடினார். அவருடைய மனைவி பாடினார். குசினிப் பெடியள் மேசையில் தட்டித் தமிழ்ப் பாட்டுப் பாடினார்கள். துஷி ஒரு ஆங்கிலப் பாட்டைக் கையெல்லாம் ஆட்டிப் பாடினாள், எந்த வெட்கமும் இல்லாமல். பிறகு கெய்கோ எழும்பி நின்று ஜப்பான் மொழியில் என்னவோ அறிவித்தாள். எல்லோரும் "ஓ!" என்று என் பக்கம் திரும்பினார்கள்.

இசை தொடங்கியதுமே எல்லோருக்கும் என்ன பாட்டு என்று தெரிந்துவிட்டது. சிரிப்பும் கைதட்டலும் எழும்பின. நான் பாடினேன். திரையில் ஓடுகிற எழுத்து எனக்குத் தெரியாது, பாடமாக்கினதை ஒப்பித்தேன். முடி வெட்டும் கடை தாண்டியது. சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தேன். ஒன்றும் நடக்கவில்லை, குரல் நேராக நின்றது. நல்லாய்த் தெரிந்தெடுத்திருக்கிறேன் என்று எனக்குள்ளேயே ஒரு மெச்சுதல்.

இந்த மெசினில் பாட்டுக்குப் பின்னால் ஏதாவது ஒரு படம் ஓடும், பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இராது. மீன் கடை முடிந்து வெறும் இசை போகிற இடத்தில், ஒரு இளம் பெடியன் ரயில் கடவையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு முதுகு காட்டிப் போனான். சேட்டைக் காற்சட்டைக்கு வெளியில் விட்டபடி. அவ்வளவுதான் படம். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்தேன். குகனும் அப்படித்தான் போவான், ஏறி ஓடக்கூடிய சைக்கிளையும் உருட்டிக்கொண்டு. பாட்டின் அடுத்த அடி தொடங்கிவிட்டது. ஸ்ரேசன், குடை, மழை எல்லாவற்றையும் ஒரு சொல் பிசகாமல் பாடி முடித்தேன். மொரிதா எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆறு வருசம் என் குசினியில்! இன்றைக்கு நாதன்-சான் பாதி ஜப்பான்காரன்!" என்று எல்லோருக்கும் சொன்னார். சரோ எழும்பிக் கழிவறைப் பக்கம் போனாள். சுகந்தி கையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

6

சப்வேயின் கடைசி ஸ்ரேசனில் இறங்கி எங்கள் பஸ்ஸுக்காக நின்றோம். ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. துஷிக்கு டோநட் வேண்டும் என்று அடம். சரோ அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரேசனுக்குள் இருக்கிற கடைக்குப் போனாள். பஸ் தரிப்பின் கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் சுகந்தியும் மட்டும் நின்றோம்.

"அத்தான்."

"ஓம்."

"இவருக்கு என்ன நடந்தது?"

நான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆருக்கு? குகனுக்கோ? ஒண்டும் இல்லையே. ஏன் கேக்கிறீர்?"

"நீங்கள் தமிழ்ப் பாட்டுப் பாடியிருந்தால் நான் பாட்டைக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பன். உது ஒரு சொல்லும் விளங்கேல்லை. விளங்காட்டி என்ன செய்யிறது, உங்கட முகத்தைத்தான் பாத்துக்கொண்டு இருந்தன்." கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "எல்லாரும் சிரிச்சவை. நீங்களும் சிரிச்சனீங்கள். மாமா, உங்கட அப்பா, செத்தண்டைக்குப் பந்தலுக்கை வந்த சனத்துக்கெல்லாம் நீங்கள் ரீ குடுத்துக்கொண்டு திரிஞ்சனீங்கள். அண்டைக்கும் இதே சிரிப்புத்தான்."

பஸ் வந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். பஸ் வரவில்லை.

"காய்ச்சலே?" என்று அவளே கேட்டாள்.

"ஓம் பிள்ளை. மலேரியா."

"எப்ப?"

"போன மாதக் கடைசியிலை. எங்களுக்கு ஒரு கிழமைக்கு முன்னந்தான் தெரியும்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவையே?"

"கொண்டுபோனவையாம். மருந்து இருக்கேல்லையாம்."

அவள் தெருப்பக்கம் திரும்பினாள். வாகனங்களின் வெளிச்சம் கண்ணாடியில் வந்து வந்து போனது. பிறகு, "கொள்ளி ஆர் வைச்சது?" என்று கேட்டாள்.

நான் தமையன். தெரிந்திருக்கவேண்டியவன் நான்தான். மச்சானிடம் அதைக் கேட்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை, அவனாகத்தான் சொன்னான். "பள்ளிக்கூடத்திலை அவனோடை தங்கியிருந்த ஒராளாம்" என்றேன்.

"பேர்?"

"தெரியாது."

"ஆரெண்டாலும் வைச்சிருக்கினம்" என்றாள். "அது போதும்."

கூட்டிப்போய் எங்காவது இருத்தவேண்டும் என்று கையை நீட்டினேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். "கேசுக்காகத்தானே சொல்லேல்லை?"

"ஓம்."

"அக்காவுக்குத் தெரியும். துஷிக்கு?"

"இல்லை."

"அப்ப வெள்ளி வருமட்டும் இப்பிடியே இருப்பம் அத்தான். நான் இப்ப அழத் துவங்கினால் நிப்பாட்டமாட்டன். போனமுறை பாத்தனீங்கள்தானே."

துஷி ஓடிவந்து, "சித்தி, திஸ் வண் இஸ் ஃபோர் யூ" என்று நிறம் நிறமாய் மிட்டாய் தூவின டோநட் ஒன்றை அவள் கையில் வைத்தாள். சுகந்தி அதைக் கடித்து மென்று விழுங்கினாள். "நல்லா இருக்கடி" என்றாள். சரோ என்னைப் பார்த்தாள். பஸ் வந்தது.

7

வெள்ளிவரைக்கும் அவள் வழமையில் ஒன்றையும் விடவில்லை. ஆங்கில வகுப்புக்குப் போனாள், துஷிக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டாள், ரெலிபோன் அடித்தால் எடுத்தாள். மச்சம் மட்டும் தொடவில்லை. மூன்று பேரும் பருப்பும் கீரையுமாய்ச் சாப்பிட, "வை நோ சிக்கன் திஸ் வீக்?" என்று துஷி சண்டை பிடித்தாள். சரோ சமைக்கும்போது அழுகை வந்தால் வெங்காயம் வெட்டுவாள். சுகந்தி அடுப்படிக்கு வந்து கத்தியை வாங்கித் தான் வெட்டினாள், அவளுக்குக் கண்ணே கலங்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பிள்ளை இதை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாள் என்று யோசித்து நித்திரை வரவில்லை. ஒளித்து வைப்பது மரியாதை என்று நினைத்த நாங்கள் அவளையும் ஒளிக்கப் பண்ணிவிட்டோம்.

விசாரணை அறைக்கு யன்னல் கிடையாது. நீள மேசை, தண்ணீர் போத்தல், கொடி. முன்னால் இருந்தவர் வயதான, மெல்லப் பேசுகிற ஒரு பெண். லோயர் சுகந்தியின் பக்கத்தில். எதிரில் மொழிபெயர்ப்பாளர், எங்களூர் மனிதர், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். என்னைப் பின் கதிரையில் இருக்க விட்டார்கள். லோயருக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பில் கணவர் உயிரோடு இருந்தார்.

முதல் கேள்வி அதே கேள்விதான். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "உங்கட புருசன் இப்ப எங்கை இருக்கிறார்?"

சுகந்தி கையை மேசையில் வைத்தாள். "அவர் செத்துப்போனார்" என்றாள். "கிளிநொச்சியிலை, மலேரியா வந்து. எனக்குத் திங்கக்கிழமைதான் தெரியும்."

மொழிபெயர்ப்பாளர் குறிப்பெடுத்த தாளிலிருந்து நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார், பின்னால் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். பிறகுதான் ஆங்கிலத்தில் சொன்னார், மிக மெல்லமாக. லோயர் பேனையை வைத்துவிட்டார். முன்னால் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். மிகவும் வருந்துவதாகச் சொன்னார். விரும்பினால் கேசை இன்னொரு நாளைக்கு வைக்கலாம், உங்களுக்கு ஒரு பாதிப்பும் வராது என்றார்.

அதைத் தமிழில் கேட்டு முடித்ததும் சுகந்தி, "வேண்டாம். கேளுங்கோ. எல்லாம் சொல்லுறன்" என்றாள்.

சொன்னாள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எப்போது, யாரோடு, எந்தத் தடை முகாமில் யார் என்ன கேட்டார்கள் என்பதெல்லாம் ஒன்றுக்குப் பின் ஒன்றாக. "அவர்" என்று வருகிற இடங்களில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி மூச்செடுத்துக்கொண்டாள். பின்னால் இருந்து எனக்கு அவளுடைய பின்னலும் கோட்டின் கழுத்தும்தான் தெரிந்தன. மொழிபெயர்ப்பாளர் இரண்டுதரம் தண்ணீர் குடித்தார்.

முடிவை அங்கேயே சொல்லிவிட்டார்கள், ஏற்றுக்கொள்கிறோம் என்று. மொழிபெயர்ப்பாளர் தன்னுடைய வேலையை மறந்து, "சரிவந்திட்டுது தங்கச்சி, சரிவந்திட்டுது" என்றார். சுகந்தி எழும்பி அந்த அம்மாவைப் பார்த்துத் தலையைக் குனிந்து, "தாங்க்யூ" என்றாள். லோயர் எங்களிடம் கோபிக்கவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, என் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

வெளியே நீளமான நடைபாதை. இரண்டு பக்கமும் கதிரைகளில் தங்கள் முறைக்குக் காத்திருந்த ஆட்கள், பல தேசத்து முகங்கள், மடியில் கோப்புகள். லிஃப்டடிக்கு வந்து நின்றோம். நான் பொத்தானை அமத்தினேன். சுகந்தி என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தான், கேஸ் முடிஞ்சுதுதானே?"

"முடிஞ்சுது பிள்ளை."

"அப்ப இனி நான் அழலாமோ?"

நான் ஓம் என்று சொல்லுமுன்னமே என் குரல்தான் முதலில் உடைந்தது.